சூத்தையைப் பட்டினி போடலாம்

சூத்தைப் பல் என்றதும் பல பிள்ளைகளுக்கு முதலில் ஞாபகம் வருவது துளைக்கும் இயந்திரத்தின் கீச்சுச் சத்தம்தான். அந்தச் சத்தத்துக்குப் பயந்து, பல்லுக்கொதியில் இரவு நித்திரை கெட்ட பிறகும் வீட்டில் வாய் திறக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். இலங்கையில் ஐந்து வயதுப் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பாற்பல்லில் சூத்தை இருக்கிறது. இத்தனை பற்களையும் துளைத்துத்தான் ஆகவேண்டுமா? வேண்டியதில்லை. நேரத்தோடு கண்டுகொண்டால் பல பற்களை ஊசியும் துளையிடலும் இல்லாமலே காப்பாற்றலாம். எப்படி என்று விளங்க வேண்டுமானால், சூத்தை எப்படி உண்டாகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பல்லின் வெளிப்புறத்தில் இருப்பது மிளிரி. எங்கள் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்த நுண்ணிய பளிங்குகளால் ஆனது. வாயில் எந்நேரமும் பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றில் ஸ்ட்ரெப்டொகொக்கஸ் மியூட்டன்ஸ் என்ற இனத்துக்குச் சீனி என்றால் உயிர். நீங்கள் ஒரு தோடம்பழ இனிப்பைச் சூப்பும்போது அதுவும் அந்தச் சீனியைத் தின்று அமிலத்தை வெளிவிடுகிறது. அமிலம் கூடக் கூடக் குறையும் அளவுகோலான பி.எச். பெறுமானம், சில நிமிடங்களில் பல்லின்மேல் 5.5க்குக் கீழே இறங்கிவிடும். அப்போது மிளிரியிலிருந்து கல்சியமும் பொசுபேற்றும் கரைந்து வெளியேறத் தொடங்கும். 1940களில் அமெரிக்க ஆய்வாளர் றொபேட் ஸ்டீபன் இதை மனிதரின் வாயிலேயே அளந்து காட்டினார். சீனிக் கரைசலால் கொப்பளித்ததும் அமிலத்தன்மை விறுவிறென்று கூடுகிறது. பழைய நிலைக்குத் திரும்ப அரை மணித்தியாலமோ அதற்கு மேலோ எடுக்கிறது.

திரும்பி வரச் செய்வது உங்கள் எச்சில். அமிலத்தை அடக்குவதோடு, தன்னிடமுள்ள கல்சியத்தையும் பொசுபேற்றையும் எடுத்துப் பல்லில் மறுபடி பதித்துவிடுகிறது. அதற்கு அவகாசம் கிடைத்தால் பல் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும். மணிக்கொரு இனிப்பு, இடையில் சீனித் தேத்தண்ணி, பிறகு ஒரு சோடா என்று நாள் போனால் எச்சில் என்னதான் செய்யும்? ஒரே நேரத்தில் நாலு இனிப்புத் தின்பதைவிட, அந்த நாலையும் நாலு வேளைக்குப் பிரித்துத் தின்பது பல்லுக்குக் கூடுதல் கேடு.

இப்போது கண்ணாடிக்கு முன்னால் போய் நில்லுங்கள். மேல் உதட்டைத் தூக்கி, முன்பற்கள் ஈறோடு சேரும் இடத்தைச் சுத்தமான துணியால் துடைத்து ஈரத்தை எடுங்கள். சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல மங்கிய வெள்ளைக் கோடு தெரிகிறதா? அதுதான் சூத்தையின் முதல் அடையாளம். ஈரமாக இருக்கும்போது கண்ணுக்குப் படாது, காய்ந்தால் தெரியும். அங்கே இன்னும் குழி விழவில்லை. மேற்பரப்புக்குக் கீழே கனிமம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். தம்பி தங்கச்சிமாரின் பல்லையும் இப்படிப் பாருங்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களில் நண்டு வரப்பைத் துளைத்தால், அன்றைக்கே ஒரு பிடி சேறு வைத்து அடைப்பார்கள். இரண்டு நாள் பொறுத்தால் வரப்பே உடைந்துபோகும். வெள்ளைக் கோட்டுக்கும் அதே அவசரம் உண்டு.

இந்த நிலையில் தேவைப்படுவது புளோரைட்டு. பற்சிகிச்சையாளர் சின்னத் தூரிகையால் புளோரைட்டு வார்னிஷைப் பல்லில் பூசிவிடுவார். எச்சில் கொண்டுவரும் கனிமங்களோடு புளோரைட்டும் சேர்ந்து படியும்போது, முன்பிருந்ததைவிட அமிலத்துக்குத் தாக்குப்பிடிக்கும் பளிங்கு உருவாகிறது. வீட்டில் அதே வேலையைச் செய்வது புளோரைட்டு உள்ள பற்பசை. மூன்று வயதுக்குக் கீழே அரிசிமணி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு. தீட்டி முடிந்ததும் நுரையைத் துப்புங்கள். வாய் நிறையத் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்தால் மருந்தையும் சேர்த்துக் கழுவிவிடுவீர்கள். பற்பசையை விழுங்கவும் கூடாது. புளோரைட்டு அளவு மீறினால், வளர்ந்துகொண்டிருக்கும் பல்லில் வெள்ளைத் திட்டுகளும் மண்ணிறக் கறையும் உண்டாகும். அநுராதபுரம் போன்ற வறண்ட பிரதேசங்களில் சில கிணறுகளின் நீரிலேயே அது கூடுதலாக இருப்பதால், அங்குள்ள பலரின் பற்களில் இந்தக் கறையைக் காணலாம்.

சரி, குழியே விழுந்துவிட்டால்?

1980களில் தான்சானியாவின் கிராமங்களில் வேலை செய்த நெதர்லாந்துப் பல்வைத்தியர் யோ ஃபிரென்கென் இந்தக் கேள்வியோடுதான் நின்றார். கிராமத்தில் மின்சாரம் இல்லை. துளைக்கும் இயந்திரம் ஓடாது. வன்னிப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. போர்க்காலத்தில் மின்சாரம் இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட கதையை அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ கேளுங்கள். ஃபிரென்கென் கையால் பிடிக்கும் சின்னக் கருவிகளை எடுத்தார். மெத்தென்று போன பகுதியை மட்டும் மெல்லச் சுரண்டி எடுத்தார். குழியைப் பசை போன்ற ஒரு நிரப்பியால் அடைத்தார். பின்னாளில் இதற்கென்றே வாய்த்தது கிளாஸ் அயனோமர். 1970களின் தொடக்கத்தில் லண்டன் அரச இரசாயன ஆய்வுகூடத்தில் அலன் வில்சனும் பிரையன் கென்ற்றும் உருவாக்கிய பொருள் அது. பல்லோடு இரசாயன முறையில் ஒட்டிக்கொள்வதோடு, தன்னிலிருந்து புளோரைட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கும்.

நிரப்பிக்குக் கீழே பற்றீரியா மிச்சம் இருக்காதா என்று கேட்பீர்கள். இருக்கும்! ஆனால் மேலே இறுக்கமாக மூடிவிட்டபடியால் சீனி அவற்றுக்குப் போய்ச் சேராது. சீனி இல்லாவிட்டால் அமிலம் இல்லை, அமிலம் இல்லாவிட்டால் சூத்தை நகராது. கடைசிக் கிருமிவரை தோண்டி எடுக்கவேண்டும் என்று வைத்தியர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். பட்டினி போட்டாலே போதும் என்பது பல்வைத்தியத்தின் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

ஸ்கொட்லாந்தில் நோர்னா ஹோல் என்ற பல்வைத்தியர் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். அவர் பாற்கடைவாய்ப் பல்லைச் சுரண்டவே இல்லை. துருப்பிடிக்காத உருக்கினாலான சின்னத் தொப்பியைப் பசை பூசிச் சூத்தைப் பல்லின்மேல் அப்படியே அழுத்தி மாட்டினார். பிள்ளையே கடித்து அதை இறுக்கிவிடும். ஊசி போடவே இல்லை. பல வைத்தியர்கள் இதை நம்பத் தயங்கினார்கள். அதனால் டண்டி பல்கலைக்கழகத்தில் நிக்கோலா இன்னஸ் குழுவினர் 132 பிள்ளைகளைக் கொண்டு சோதித்தார்கள். ஒரே பிள்ளையின் வாயில் ஒரு பல்லுக்குத் தொப்பி, இன்னொரு பல்லுக்கு வழமையான நிரப்பி. ஒரே எச்சில், ஒரே சாப்பாடு, ஒரே தூரிகை. ஒப்பிட இதைவிட நல்ல வழி ஏது? ஐந்து வருடத்தின் பின் பார்த்தபோது, வலி, சீழ் போன்ற பெரிய சிக்கல்கள் தொப்பி போட்ட பற்களில் 100க்கு 3 அளவிலும், வழமையான நிரப்பி வைத்தவற்றில் 100க்கு 16, 17 அளவிலும் இருந்தன.

மூன்றாவது வழி யப்பானிலிருந்து வந்தது. சில்வர் டயமீன் புளோரைட்டு என்ற திரவத்துக்கு அங்கே 1970இல் அனுமதி கிடைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பூசும் விதம் மிக எளிது. உதட்டில் கொஞ்சம் வசலின் தடவி, பல்லின் ஈரத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்து, ஒரு துளியைச் சூத்தையின்மேல் ஒரு நிமிடம்வரை தேய்ப்பார்கள். நாக்கில் உலோகச் சுவை தட்டும், அவ்வளவுதான். அதிலுள்ள வெள்ளி பற்றீரியாவைக் கொல்லும், புளோரைட்டு பல்லை இறுக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பூசிய ஆய்வுகளில் 100 சூத்தைகளில் 80 அளவில் நின்றுபோயின. ஒரு குறை உண்டு. சூத்தை இருந்த இடம் கரிபோலக் கறுத்துவிடும். நல்ல பகுதி வெள்ளையாகவே இருக்கும். அந்தக் கறுப்பு, அங்கே சூத்தை நின்று இறுகிவிட்டது என்பதற்கு அடையாளம். வகுப்பில் ஒரு பிள்ளையின் பல்லில் இதைக் கண்டால் தயவுசெய்து பகிடி பண்ணாதீர்கள்.

எந்தப் பல்லுக்கு எது பொருந்தும் என்பதைப் பார்த்துச் சொல்லவேண்டியவர் பற்சிகிச்சையாளர். எங்கள் நாட்டில் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பற்களைப் பார்க்கவென்றே பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். 1921இல் நியூசிலாந்து தொடங்கிய முறை இது. 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் அந்த நாட்டின் உதவியோடு மகரகமையில் பயிற்சி தொடங்கியது. பிள்ளைகள் அரச சிகிச்சை நிலையத்துக்குப் போனால் பணம் கட்டத் தேவையில்லை. ஆனால் இரவில் தானாகவே வலி எழும்பினாலோ, ஈறு வீங்கிச் சீழ் கட்டினாலோ சூத்தை நரம்புவரை போய்விட்டது என்று அர்த்தம். அப்போது மேலே சொன்ன எதுவும் உதவாது. உடனே வைத்தியரிடம் போகவேண்டும்.

அம்மாவிடம் சொல்லவேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. ஆறு வயதளவில், பாற்பற்களுக்கெல்லாம் பின்னால் ஒரு புதிய கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் அதையும் பாற்பல் என்றே பல வீடுகளில் நினைத்துக்கொள்கிறார்கள். அது விழுந்தால் வேறு பல் முளைக்காது. அதன் மேற்புறத்தில் தூரிகையின் மயிர் புக முடியாத ஆழமான பள்ளங்கள் இருப்பதால், நிரந்தரப் பற்களில் பெரும்பாலும் அதுதான் முதலில் சூத்தையாகிறது. அந்தப் பள்ளங்களைச் சூத்தை வருமுன்பே பசையால் மூடிவிடலாம். அதற்கும் ஊசி தேவையில்லை. தம்பிக்கோ தங்கச்சிக்கோ ஆறு வயதாகியிருந்தால், இன்றைக்கே வாயைத் திறக்கச் சொல்லி அந்தப் பல் முளைத்துவிட்டதா என்று பாருங்கள்.