முன் அச்சுக்குள் மோர்

திருப்புட்குழி, காஞ்சிபுரத்துக்கு மேற்கே சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். இந்தப் பக்கத்து நெல்லுக்குச் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம். ஏரியில் தண்ணீர் இருந்தால் மூன்றுக்கும் சேடை (சேற்று உழவு) ஓட்ட டிராக்டர் இறங்க வேண்டும். டூ வீல் டிரைவ் டிராக்டர் புதைந்து நிற்கும் சேற்றில், ஃபோர் வீல் டிரைவ் முன் சக்கரத்தாலும் இழுத்துக் கரையேறிவிடும். அப்படி இழுக்கிற முன் அச்சுக்குள் என்ன எண்ணெய் இருக்கிறது, எப்போது மாற்றினோம் என்று கேட்டால்தான் பலருக்கும் பதில் வராது.

மாட்டு வண்டியில் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு சக்கரமும் அச்சின் மேல் தனித்தனியாகச் சுழலும். திருப்பத்தில் வெளிச்சக்கரம் கூடுதலாக ஓடிக்கொள்ளும். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மசகு போதும். (ஆமணக்கை லேசாக நினைக்க வேண்டாம். 1909இல் வந்த காஸ்ட்ரால் எண்ணெய்க்குப் பெயரே விளக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்துதான்.) என்ஜின் சக்கரத்தைத் திருப்பத் தொடங்கியதும் சிக்கல் வந்தது. இரு பக்கமும் விசை போக வேண்டும், வேகம் மட்டும் வேறுபட வேண்டும். அதற்கான பல்சக்கர ஏற்பாடுதான் டிஃபரன்ஷியல். பிரான்சின் பெக்கர் 1827இல் நீராவி வண்டிக்காக அதற்குக் காப்புரிமை பெற்றார்.

ஃபோர் வீல் டிரைவில் இது முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஜீப்பில் இரண்டுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனிப் பெட்டி. டிராக்டரில் பெரும்பாலும் கியர் பெட்டியிலிருந்தே ஒரு ஷாஃப்ட் முன்னே ஓடும். டிராக்டரில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடச் சற்றே வேகமாக உருளும்படி வைத்திருப்பார்கள். சேற்றில் அந்த வித்தியாசம் வழுக்கிப் போய்விடும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. ஃபோர் வீல் டிரைவ் லீவரைப் போட்டபடியே ஓட்டினால் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு எண்ணெயைக் கொதிக்கவைக்கும். வயலைவிட்டு ஏறியதும் லீவரை எடுத்துவிடுவது எண்ணெய்க்கே ஆயுள்.

சூட்டைவிடப் பெரிய எதிரி தண்ணீர். சூடான டம்ளரைத் தண்ணீர்த் தட்டில் கவிழ்த்தால் தண்ணீர் தானே உள்ளே ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓடிச் சூடான அச்சு வயல் தண்ணீரில் இறங்கும்போதும் அதே கதைதான். உள்ளே உள்ள காற்று சுருங்கி, ப்ரீதர் என்ற காற்றுத் துளை வழியாகவும் ஆயில் சீல் வழியாகவும் வெளித் தண்ணீரை இழுக்கும். ப்ரீதர் சேற்றால் அடைபட்டிருந்தால் சீல்மேல் இழுப்பு இன்னும் கூடும். வைக்கோலும் நைலான் கயிறும் ஹப்பில் சுற்றிச் சீலின் உதட்டை அறுத்திருந்தால் சொல்லவே வேண்டாம். தண்ணீர் கலந்த எண்ணெய் வெளுத்து, பால் டீயாகவோ மோராகவோ மாறும். அது பல்லுக்கு நடுவே படலமாக நிற்காது. பேரிங் துருப்பிடிக்கும், கிரவுன் பினியன் பல்சக்கரங்கள் தேயும்.

புது டிராக்டருக்கு 50 மணியில் முதல் சர்வீஸ், பிறகு கியர் பெட்டி, அச்சு எண்ணெய்க்கு 1000 மணி வாக்கில் என்று பல கையேடுகள் சொல்லும். ஜீப் வகை வண்டிகளுக்கு 40,000 கிலோமீட்டர் வாக்கில். இது காய்ந்த நிலக் கணக்கு. சேடை ஓட்டுகிற முன் அச்சுக்கு மணிக் கணக்கை நம்பக்கூடாது என்பது என் கருத்து. பட்டத்துக்கு ஒருமுறை பாருங்கள்: நடுவே டிஃபரன்ஷியலில், தனி எண்ணெய் உள்ள அச்சானால் இரண்டு ஹப்பிலும். சந்தேகமானால் ஒரு சொட்டைச் சூடான இரும்புத் தகட்டில் விடுங்கள்; சடசடத்தால் தண்ணீர் இருக்கிறது. வெளுத்திருந்தால் மணி எவ்வளவு மிச்சமிருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டிய கருமை மாவு போலிருப்பது இயல்பு. செதில் செதிலாக இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

எண்ணெயை வடிக்கும் முன், நிரப்பும் பிளக்கைத்தான் முதலில் கழற்றுங்கள். அது துருவேறி அசையாமல் போனால், வடித்த அச்சை நிரப்ப வழியில்லாமல் டிராக்டர் அங்கேயே நிற்கும்.