'டு மீட்' அன்று, 'டு மீட்டிங்'

வேலைக்கு மனுச் செய்யும் பிள்ளைகள் பலர் கடிதத்தை 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று முடிக்கிறார்கள். 'டு மீட்டிங் யூ' என்பதே சரி. ஏன்?

படி என்னும் வினை தமிழில் படித்தல் என்று பெயராகிறதல்லவா? ஆங்கிலத்தில் அந்தத் தொழிற்பெயரை ஆக்குவது 'இங்' விகுதி. மேற்கண்ட 'டு', 'ஃபார்வர்ட்' என்பதைத் தொடரும் முன்னிடைச்சொல்; அதன்பின் பெயர்தான் வரும். ஐயமிருந்தால் 'யுவர் ரிப்ளை' என்று போட்டுப் பாருங்கள். பொருந்தினால் 'இங்' வேண்டும். 'வாண்ட் டு' என்பதற்குப் பின் அது பொருந்தாது. ஆகவே அங்கே 'மீட்' போதும்.

'ஸ்டாப்' இன்னும் வம்பு. 'ஐ ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்' என்றால் புகைப்பதை விட்டுவிட்டேன். 'ஐ ஸ்டாப்ட் டு ஸ்மோக்' என்றால் புகைப்பதற்காக நின்றேன். மருத்துவரிடம் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்!