‘ஹன்ச்’ என்றால் என்ன?

துப்பறியும் நாவல்களிலும் கிரிக்கெட் வர்ணனையிலும் அடிபடும் ஆங்கிலச் சொல் ‘ஹன்ச்’. ‘ஐ ஹேவ் எ ஹன்ச்’ என்று ஒருவர் சொன்னால், கையில் ஆதாரம் இல்லை, ஆனாலும் இப்படித்தான் இருக்கும் என்று அவர் மனசுக்குப் படுகிறது என்று பொருள். அந்த எண்ணத்தை நம்பித் துணிந்து இறங்குவதை ‘பிளே எ ஹன்ச்’ என்பார்கள்.

‘இன்டியூஷன்’ என்பதும் உள்ளுணர்வுதானே என்று கேட்கலாம். அது ஒருவருக்கு உள்ள ஆற்றல். அந்த ஆற்றல் ஒரு குறிப்பிட்ட விஷயத்தில் காட்டும் ஊகம்தான் ஹன்ச்.

இதே சொல் வினையாக வந்தால் பொருள் மாறிவிடும். குளிரில் தோளைக் குறுக்கி உட்காருவதும், மேசை மீது முதுகை வளைத்துக் குனிவதும் ஹன்ச்தான். கூன் விழுந்த முதுகு ‘ஹன்ச்பேக்’. விக்டர் யூகோ 1831இல் எழுதிய பிரெஞ்சு நாவலின் பெயரில் கூனன் இல்லை. ‘தி ஹன்ச்பேக் ஆஃப் நோத்ர தாம்’ என்பது ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒட்டிக்கொண்ட பெயர்.

கூனுக்கும் உள்ளுணர்வுக்கும் என்ன சம்பந்தம்? கூனரைத் தொட்டால் சூதில் அதிர்ஷ்டம் என்ற பழைய நம்பிக்கையிலிருந்து இந்தப் பொருள் வந்ததாக ஒரு கதை உண்டு. சொல்லின் வரலாறு காட்டும் வழி வேறு. சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் ‘ஹன்ச்’ என்றால் தள்ளுவது, இடிப்பது. அதற்கு முந்தைய வேரைக் கேட்டால் அகராதிகள் கைவிரிக்கின்றன. முதுகை வளைக்கும் பொருள் 17ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ‘துப்பு, சாடை’ என்ற பொருள் வந்தது. விடையை நோக்கி ஒருவரை லேசாகத் தள்ளிவிடுவதுதானே துப்பு! அந்தத் தள்ளல் வெளியிலிருந்து வராமல் உள்ளிருந்தே வரும்போது அது உள்ளுணர்வு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பொருள் நிலைத்துவிட்டது.

ஹன்ச்சை நம்பலாமா? உளவியலாளர் கேரி கிளைன் 1998இல் வெளியான தம் நூலில் ஒரு தீயணைப்பு அதிகாரியைப் பற்றிச் சொல்கிறார். ஒரு வீட்டின் சமையலறைத் தீக்குத் தண்ணீர் அடித்தும் அடங்கவில்லை. அனல் அதிகம், சத்தமோ குறைவு. ஏனென்று விளங்காமலே அவர் ஆட்களை வெளியேற்றினார். சற்று நேரத்தில் அவர்கள் நின்றிருந்த தரை இடிந்து விழுந்தது. தீ இருந்தது கீழே, நிலவறையில். தமக்கு ஏதோ அபூர்வ சக்தி இருப்பதாகவே அவர் நினைத்தார். உண்மையில், பல தீ விபத்துகளைப் பார்த்த அனுபவம், இது வழக்கமான தீ இல்லை என்று உணர்த்தியிருக்கிறது.

உளவியலாளர் டேனியல் கானமனும் கிளைனும் 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரை, இப்படிப்பட்ட உள்ளுணர்வை நம்ப இரண்டு நிபந்தனைகள் வைக்கிறது: துறையில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், அதை நாம் நெடுநாள் பழகி, சரி தவறு உடனுக்குடன் தெரிந்து கற்றிருக்க வேண்டும். நோயாளியின் முகத்தைப் பார்த்ததும் மூத்த நர்ஸுக்குத் தோன்றுவதைக் காதுகொடுத்துக் கேட்கலாம். அடுத்து எந்த எண் விழும் என்று லாட்டரி வாங்குபவருக்குத் தோன்றுவதைக் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.