ஓடுவோரும் உணவும்

மும்பை மாரத்தானுக்குப் பயிற்சி செய்வோரில் பலர், அதே மாதங்களில் உடல் எடையையும் குறைத்துவிட விழைகின்றனர். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 700 கலோரி செலவாகும். அத்துடன் இரவு உணவையும் நாள்தோறும் துறந்தால், உடல் கொழுப்போடு தசையையும் கரைக்கத் தொடங்கும். பற்றாக்குறை நீடித்தால் எலும்பில் நுண்விரிசல் ஏற்படலாம். பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகலாம். இந்நிலைக்குப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் தனிப்பெயரே சூட்டியது.

நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரி குறைப்பதே பெரும்பாலோர்க்குப் போதும்; அதையும் இலேசான பயிற்சி நாள்களில் குறைப்பது நன்று. நெடுந்தூரம் ஓடும் நாளில் முன்னதாக ஒரு வாழைப்பழமும், முடிந்தபின் சோறு, பருப்பு, தயிர் அல்லது முட்டையும் தவறலாகாது. சோற்றைப் பகையாகக் கருதும் இன்றைய வழக்கம் ஓடுவோருக்குப் பொருந்தாது. கணைக்காலில் ஓரிடத்திலேயே வலி விடாது நீடித்தால், ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரை அணுகுக.