வாட்ஸ் கடைசியில் கேட்க வேண்டியது

சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் வாங்க வருகிறவர்களில் பலர் எடுத்த எடுப்பில் கேட்பது, "அண்ணே, 450 வாட்ஸ் இருக்கா?" விவரமான கடைக்காரர் பெட்டியை எடுத்து நீட்டமாட்டார். "அசெம்பிள்டா, பிராண்டட்டா?" என்று திருப்பிக் கேட்பார். பழைய கம்ப்யூட்டருக்குப் புது எஸ்எம்பிஎஸ் பொருந்துமா என்பதில் பாதி விடை அந்தக் கேள்வியிலேயே கிடைத்துவிடும்.

அசெம்பிள்ட் மிஷின் என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. இன்டெல் 1995இல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அளவுகளைத்தான் கேபினெட், போர்டு, எஸ்எம்பிஎஸ் எல்லாமே பின்பற்றுகின்றன. முதலில் மெயின் கனெக்டரில் 20 பின். 2003இல் வந்த திருத்தத்தில் 24 ஆனது. இப்போது விற்கும் பலவற்றில் கடைசி 4 பின்னைத் தனியாகக் கழற்றலாம் என்பதால், பழைய 20 பின் போர்டிலும் அது உட்காரும். ஆனால் பென்டியம் 3, அத்லான் எக்ஸ்பி காலத்துப் போர்டுகளில் பல, பிராசஸருக்கான மின்சாரத்தை 5 வோல்ட் லைனிலிருந்தே இழுத்தன. இன்றைய எஸ்எம்பிஎஸ்ஸின் பலம் முழுக்க 12 வோல்ட்டில். அந்த வயது மிஷின் என்றால் லேபிளில் 5 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பார்த்துவிடுவது நல்லது.

சிக்கல் பிராண்டட் மிஷினில்தான். அலுவலகங்களில் ஓடி, செகண்ட்ஹேண்டில் வீட்டுக்கு வந்து சேரும் டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020ஐத் திறந்தால், 24 பின் இருக்க வேண்டிய இடத்தில் 8 பின் கனெக்டர்தான் இருக்கும். அதன் எஸ்எம்பிஎஸ் தருவது 12 வோல்ட் மட்டுமே, 5, 3.3 வோல்ட்டைப் போர்டே தயாரித்துக்கொள்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்கும் போர்டிலிருந்துதான் பவர் வயர் போகும். இதே போல எச்பியின் சில மாடல்களில் 6 பின், லெனோவோவின் சிலவற்றில் 14 பின். 24 பின்னை இவற்றுக்கு மாற்றித் தரும் அடாப்டர் கேபிள்கள் கிடைக்கின்றன. ஆனால் மாடல் எண்ணைச் சொல்லி வாங்க வேண்டும்; "டெல்லுக்கு ஒண்ணு கொடுங்க" என்றால் போதாது.

பொருந்தாத கனெக்டர் உண்மையில் ஒரு பாதுகாப்பு. 1990களின் இறுதியில் வந்த சில டெல் மிஷின்களில் அந்தப் பாதுகாப்பும் இல்லை. பார்க்க அச்சு அசலாக ஏடிஎக்ஸின் 20 பின் போலவே இருக்கும், ஆனால் உள்ளே வயர்களின் வரிசை வேறு. சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸைச் செருகினால் சிக்கென்று உட்காரும். ஆன் செய்தால் போர்டு போய்விடும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் வயர் நிறங்களைப் புதியதோடு ஒப்பிடுவதுதான் வழி. ஏடிஎக்ஸில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு கிரவுண்ட்.

அடுத்தது உடல் அளவு. சாதாரண ஏடிஎக்ஸின் பின்முகம் 150க்கு 86 மில்லிமீட்டர். ஒல்லியான ஸ்லிம் கேபினெட்டுக்குள் அது நுழையவே நுழையாது. அவற்றில் பலவற்றுக்கு டிஎஃப்எக்ஸ் என்ற நீளமான, ஒடுங்கிய வகை வேண்டும். பழையதைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துப்போவது ஸ்கேல் வைத்து அளப்பதைவிட நம்பகமானது.

இப்போது வாட்ஸுக்கு வரலாம். நாலாம் தலைமுறை ஐ5 4570 பிராசஸருக்கு இன்டெல் குறித்த வெப்ப அளவு 84 வாட்ஸ். கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் 300 வாட்ஸ் தாராளம். 9020 டவருக்கு டெல் கொடுத்ததே 290தான். பெட்டியில் கொட்டை எழுத்தில் 450 என்று போட்டிருந்தாலும் லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே 15 ஆம்பியர் என்றிருந்தால், அந்த லைனில் கிடைப்பது 180 வாட்ஸ்தான்.

விலை மலிந்த சிலவற்றின் பின்பக்கத்தில் 115, 230 என்று மாற்றும் சின்னச் சிவப்பு ஸ்விட்ச் ஒன்று உண்டு. அது 115இல் இருக்கும்போது நம் வீட்டு பிளக்கில் செருகினால், 'டப்' என்ற சத்தத்தோடு புது எஸ்எம்பிஎஸ் அப்போதே குப்பைக்குப் போகும்.