உறையும் நீரும் உறையா நீர்மமும்

நுழையும்முன்

உறைபனியையே காணாத ஊரில் உருவாகும் மகிழுந்து, உறைபனி மூடிய நாட்டிலும் ஓட வேண்டியிருக்கிறது. அதன் இயந்திரத்தைக் காப்பது, நீர் உறையும் குளிரிலும் உறையாத ஒரு நீர்மம். அஃது ஏன் உறைவதில்லை என்பதை மூலக்கூறுகளின் உலகிற்குள் சென்று ஆராய்கிறது இக்கட்டுரை.

வெயில் நிலத்து மகிழுந்து

தனித்தமிழ் இயக்கத்தின் முன்னோடியான மறைமலையடிகளின் பெயரைத் தாங்கி நிற்பது, செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள மறைமலைநகர். இங்கு ஃபோர்டு நிறுவனம் அமைத்த தொழிற்சாலையில் உருவான 'ஐகான்' மகிழுந்து 1999ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. 2022இல் உற்பத்தி நிற்கும்வரை, இத்தொழிற்சாலையின் மகிழுந்துகள் ஐரோப்பாவிற்கும் அமெரிக்காவிற்கும்கூடக் கப்பலேறின.

மார்கழி விடியலிலும் மறைமலைநகரில் வெப்பநிலை ஏறத்தாழ 20 °செ அளவிலேயே நிற்கும். கடல் கடந்து சென்ற மகிழுந்துகளோ, நீர் உறையும் இரவுகளைச் சந்திக்க நேர்ந்தது. இயந்திரத்தைக் குளிர்விக்க வெறும் நீர் மட்டும் ஊற்றப்பட்டிருந்தால், அது குழாய்களுக்குள்ளேயே பனிக்கட்டியாகிவிடும். நீர் உறையும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகும். அவ்வழுத்தம் இரும்பு வார்ப்பையும் பிளக்க வல்லது. ஆகவேதான் எத்திலீன் கிளைக்கால் என்னும் ஆல்கஹால் நீருடன் கலக்கப்படுகிறது. பணிமனைகளில் 'கூலண்ட்' என வழங்கப்படுவது இக்கலவையே.

எடையா காரணம்?

நீர் 0 °செ வெப்பநிலையில் உறைகிறது. ஆல்கஹால்களுள் நன்கறியப்பட்ட எத்தனால் உறைவதற்கோ −114 °செ வரை குளிர வேண்டும். எத்தனால் இலேசானது, அதனால்தான் எளிதில் உறைவதில்லை என எண்ணத் தோன்றும். மூலக்கூறு எடையை ஒப்பிட்டால் அவ்வெண்ணம் தவறென்பது விளங்கும். நீரின் மூலக்கூறு எடை 18. எத்தனாலின் மூலக்கூறு எடை 46. பொதுவாக, ஒத்த அமைப்புடைய பொருள்களில் எடை கூடினால் உறைநிலையும் உயரும். இங்கோ எடை மிகுந்தது தாழ்ந்த வெப்பநிலையில் உறைகிறது. எனவே, காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

கைகோக்கும் மூலக்கூறுகள்

நீர்மத்தில் மூலக்கூறுகள் ஓயாது அலைகின்றன. வெப்பம் குறையக் குறைய அவற்றின் அலைச்சல் தளர்கிறது. ஒன்றையொன்று ஈர்க்கும் விசை அலைச்சலை வெல்லும்போது, அவை வரிசையில் அமர்ந்து திண்மமாகின்றன. அவ்வாறு அமரும் வெப்பநிலையே உறைநிலை.

நீர் மூலக்கூறு ஒவ்வொன்றும் நான்கு கைகள் உடையதைப் போன்றது. தன் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை அண்டை மூலக்கூறுகளுக்கு நீட்டுகிறது. தன் ஆக்சிஜனால் வேறிரு ஹைட்ரஜன்களைப் பற்றிக்கொள்கிறது. ஹைட்ரஜன் பிணைப்பு எனப்படும் இப்பற்றுதலால், பனிக்கட்டியில் நாற்புறமும் பின்னிய உறுதியான வலை உருவாகிறது. இவ்வலையின் வலிமையே நீரை 0 °செ வெப்பநிலையிலேயே உறையச் செய்கிறது. நீரைவிட எடை மிகுந்த ஹைட்ரஜன் சல்பைடில் இத்தகைய வலுவான வலை இல்லை; அஃது ஏறத்தாழ −86 °செ வரை குளிர்ந்த பின்னரே உறைகிறது.

எத்தனாலில் ஆக்சிஜனோடு இணைந்த ஹைட்ரஜன் ஒன்றே உள்ளது. மற்றொரு பக்கத்தை எத்தில் தொகுதி அடைத்துக்கொண்டிருக்கிறது. அத்தொகுதி ஹைட்ரஜன் பிணைப்பில் பங்கேற்பதில்லை. வளைந்தும் சுழன்றும் ஒழுங்கான அடுக்கிற்கு இடையூறாகிறது. ஆகவே, எத்தனால் திண்மத்தில் மூலக்கூறுகள் வலையாகப் பின்னாமல் சங்கிலியாக மட்டுமே இணைகின்றன. ஒரு மோல் பனிக்கட்டியை உருக்க ஏறத்தாழ 6.0 கிலோஜூல் ஆற்றல் வேண்டும், எத்தனாலுக்கு 4.9 கிலோஜூல் போதும். உருகும்போது எத்தனால் அடையும் ஒழுங்கின்மையும் மிகுதி. தளையும் தளர்வு, விடுதலையும் பெரிது. அதனால் மிகுந்த குளிரிலும் அது நீர்மமாகவே நிலைக்கிறது.

கலவையின் வியப்பு

தூய எத்திலீன் கிளைக்கால் −13 °செ அளவிலேயே உறைந்துவிடும். அதனை நீருடன் சரிபாதியாகக் கலந்தாலோ, உறைநிலை ஏறத்தாழ −37 °செ வரை தாழ்கிறது. நீரின் வலை பின்ன முயலும் இடத்தில் கிளைக்கால் குறுக்கே நிற்கிறது; கிளைக்கால் அடுக்க முயலும் இடத்தில் நீர் குறுக்கே நிற்கிறது. ஒன்றின் ஒழுங்கை மற்றொன்று தடுப்பதால் இரண்டும் உறையாமல் காக்கப்படுகின்றன. எத்தனால் 78 °செ வெப்பநிலையில் கொதித்து ஆவியாகும், எளிதில் தீப்பற்றும். கிளைக்காலின் கொதிநிலையோ 197 °செ. ஆதலால் கொதிக்கும் இயந்திரத்திற்கு எத்தனாலைவிட அதுவே ஏற்றது. ஆயினும் அஃது இனிப்புச் சுவையுடைய நஞ்சு. சிறுவர்க்கும் விலங்குகளுக்கும் எட்டாத இடத்தில் வைத்துக் காக்க வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

ஆல்கஹால்கள் அனைத்தும் நீரைவிடத் தாழ்ந்த வெப்பநிலையில் உறைவன அல்ல. மூவிணைய பியூட்டைல் ஆல்கஹாலின் மூலக்கூறு பந்து போன்ற வடிவுடையது. எளிதில் அடுக்கில் அமரும். அஃது ஏறத்தாழ 25 °செ வெப்பநிலையிலேயே உறைகிறது. மார்கழிக் காலையில் மறைமலைநகரின் ஆய்வகத்திலும் அதனைத் திண்மமாகக் காணலாம்.

ஒரு பொருள் உறையும் குளிரை அதன் எடை மட்டும் தீர்மானிப்பதில்லை. அதன் மூலக்கூறுகள் எத்தனை கைகளால் பற்றுகின்றன, எவ்வளவு ஒழுங்காக அடுக்கில் அமர்கின்றன என்பவையே முதன்மையானவை. வெயில் நிலத்தில் பிறந்த மகிழுந்து பனி நிலத்தில் ஓடுவது இவ்வறிவின் பயனே.