பழைய பிக்கப் வாங்குகிறீர்களா? பின் அச்சையும் பாருங்கள்

பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் இன்ஜின் சத்தம், டயர், ஆர்.சி., எஃப்.சி., இன்ஷூரன்ஸ் எல்லாம் பார்ப்பார்கள். வண்டிக்கு அடியில் குனிந்து டிஃபரன்ஷியலைப் பார்ப்பவர்கள் குறைவு. "பின்னாடி லாக் இருக்கு சார், எந்தச் சேத்துலயும் ஏறிடும்" என்ற ஒரு வார்த்தைக்காகக் கூடுதல் விலை கொடுத்துவிட்டு, முதல் மழையில் வயல்வரப்பில் சிக்கிய பிறகு புலம்பிப் பயனில்லை.

எத்தனை வகை?

வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அதற்கு இடம் கொடுப்பதே டிஃபரன்ஷியலின் வேலை. சாதாரண ஓப்பன் வகையில் ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் அதுமட்டும் வீணாகச் சுழலும், மற்றது அசையாது. லிமிடெட் ஸ்லிப் வகையில் உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகள் மறு சக்கரத்துக்கும் இழுவையைக் கொடுக்கும். லாக்கர் வகை இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும். டொயோட்டா ஹைலக்ஸில் இருப்பதுபோல ஸ்விட்சில் இயங்கும் லாக்கர் உண்டு; தானாகவே பூட்டிக்கொள்வதும் உண்டு.

எப்படிக் கண்டுபிடிப்பது?

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். இரண்டு பின்சக்கரங்களையும் தூக்கி, அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. இன்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறு சக்கரமும் அதே திசையில் சுற்றினால் பெரும்பாலும் லிமிடெட் ஸ்லிப். எதிர்த்திசையில் சுற்றினால் ஓப்பன் வகையாக இருக்கலாம். ஆனால் தட்டு தேய்ந்த லிமிடெட் ஸ்லிப்பும், பூட்டாத நிலையிலுள்ள லாக்கரும் இப்படியே சுற்றும். ஆகவே டேஷ்போர்டில் ஸ்விட்ச், அச்சு வரை போகும் ஒயர் இரண்டையும் பாருங்கள். சில தானியங்கி லாக்கர்கள், சக்கரங்களின் வேக வித்தியாசம் கூடும்போதுதான் பூட்டும், அவை கைச்சோதனையில் தெரியாது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, அந்த வண்டி எந்த அச்சோடு வெளிவந்தது என்று நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். இடையில் யாராவது அச்சை மாற்றியிருக்கலாம் என்பதால் மெக்கானிக்கின் நேரடிப் பரிசோதனையும் தேவை.

தெரியாவிட்டால் என்ன ஆபத்து?

லிமிடெட் ஸ்லிப் உள்ள வண்டியில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, இன்ஜினை ஓடவிட்டுக் கியர் போட்டால், தரையிலிருக்கும் சக்கரம் வண்டியை ஜாக்கியிலிருந்து இழுத்துத் தள்ளிவிடும். அடியில் ஆள் இருந்தால் உயிருக்கே ஆபத்து. கிளட்ச் தட்டு உள்ள டிஃபரன்ஷியலுக்கு அதற்குரிய ஆயில் வேண்டும். கையில் கிடைத்த கியர் ஆயிலை ஊற்றினால் திருப்பங்களில் அதிர்ந்து, தட்டுகள் சீக்கிரம் தேயும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பொருளின் தரத்தையோ வகையையோ பொய்யாகச் சொல்லி விற்பதும், பில் தர மறுப்பதும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறைகள். "லோடு வண்டிதானே, வணிகப் பயன்பாடு, கேஸ் நிற்காது" என்று மிரட்டுவார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் ஓட்ட வாங்கியவரை அதே சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. அதேசமயம், வியாபாரி அல்லாத தனிநபரிடம் வாங்கியதற்கு இந்த வழி பொதுவாகப் பயன்படாது. உரிமையியல் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டியிருக்கும்.

முதலில் வியாபாரிக்கு எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும்.

ஆணையத்தில் பேசப்போவது ஆவணம்தான். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, பின் அச்சு எந்த வகை என்பதைப் பில்லிலோ ஒப்பந்தத்திலோ எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் 'லாக்'குக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.